முதலில் என்ன செய்வீர்கள்?

ஜூன் 2, திங்கள்

புது வேலையில் முதல் நாள். ஒரகடம் தாண்டி, பொட்டலுக்கு நடுவே எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கிடங்கு. அலுவலகம் என்பது தகரக் கூடு, நாலு மேசை, ஒழுகும் ஏசி. நான் ப்ராஜெக்ட் இன்ஜினியர்.

வரதன் சார்தான் மேலே. வந்ததும் சொல்லிவிட்டார்: "மங்கை, ஆகஸ்ட்டுக்குள்ள அந்த ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்ட்டிஃபிகேட் எடுத்துடுங்க. கிளையண்ட் கேக்கறான். எடுத்தா மேனேஜர். எடுக்கலன்னா அப்புறம் பேசலாம்."

எனக்குக் கொடுத்த மேசை, லேப்டாப், கம்பெனி சிம் மூன்றும் இசக்கிராஜ் என்பவருடையவை. "அவர் இப்ப இல்ல மேடம்" என்றாள் ஹெச்.ஆர். பெண். துபாய்க்குப் போயிருப்பார். இந்தத் துறையில் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்.

படப்பையில் ஒற்றை அறை. என் கணவர் கதிர் கும்பகோணத்தில் மருந்துக் கடையை விட்டுவிட்டு வர முடியாது. மாதம் இரண்டு முறை நான் போவதாக ஏற்பாடு.

ஜூன் 5, வியாழன்

பயிற்சிக் கேள்விகளுக்குக் கம்பெனி பணம் கட்டிய ஒரு இணையதளம் இருக்கிறது. அதுவும் இசக்கிராஜ் பெயரில்தான். திறந்ததும் "வெல்கம் பேக், இசக்கி" என்கிறது. பெயரை மாற்ற ஐ.டி. ஆளிடம் சொன்னேன். "மெயில் போடுங்க மேடம், பாக்கறோம்" என்றான்.

எல்லாமே சூழ்நிலைக் கேள்விகள். மனப்பாடத்துக்கு வேலையில்லை. உங்கள் குழுவில் ஒருவர் சில நாட்களாகத் தாமதமாக வருகிறார், முதலில் என்ன செய்வீர்கள்? நாலு விடைகளும் சரி போலவே இருக்கும். அதில் 'முதலில்' எது என்று கண்டுபிடிப்பதுதான் பரீட்சை. நான் மேலதிகாரியிடம் தெரிவிப்பேன் என்று அழுத்தினேன். தவறாம். அவரைத் தனியாகக் கூப்பிட்டு என்ன பிரச்சினை என்று கேட்க வேண்டுமாம்.

கேட்டுவிட்டால் சரியாகிவிடுமா என்று எந்த விளக்கத்திலும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

ஏதோ ஒரு எண்ணிலிருந்து தினமும் ஒரு ரிங் வருகிறது. எடுப்பதற்குள் நின்றுவிடும். திருப்பி அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. கடன் வேண்டுமா என்று கேட்கும் கூட்டமாக இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

ரெடிமிக்ஸ் காங்கிரீட் அனுப்பும் நாகப்பன் போன் செய்தார். இசக்கிராஜை நினைத்துத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "அவர் இப்ப இல்லீங்க, நான் புதுசா வந்திருக்கேன்" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "நான்தானே மாலை வாங்கிட்டுப் போனேன். முப்பத்திநாலு வயசு. என்ன வேகம் அந்தப் பையன்."

அதற்குப் பிறகு நாளை எத்தனை லாரி வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஜூன் 13, வெள்ளி

காலை முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தேன். மத்தியானம் கால் கடுத்தது. இசக்கிராஜின் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

சூப்பர்வைசர் ஏழுமலையிடம் டீ குடிக்கும்போது கேட்டேன். மார்ச்சில். மாரடைப்பு. வண்டி நிறுத்துமிடத்தில், காருக்குள். ஏழுமலைதான் ஆம்புலன்ஸில் கூடவே அம்பாசமுத்திரம் வரை போய் உடலை ஒப்படைத்திருக்கிறான். அதற்கு மேல் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவப் போய்விட்டான்.

எது அவர் கார் நின்ற இடம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் ஸ்கூட்டியை இனி கேட்டுக்கு வெளியே நிறுத்தலாம்.

ஜூன் 19, வியாழன்

வினோதம். நேற்று நான் விட்ட இடத்துக்கு மேலே இருபது கேள்விகளுக்கு யாரோ விடை அளித்திருக்கிறார்கள். விடியற்காலையில். நான் தூங்கிக்கொண்டிருந்த நேரம். இணையதளத்தின் கோளாறாக இருக்கும்.

பெரும்பாலும் தவறான விடைகள்.

ஜூன் 21, சனி

இன்றும். கோளாறு இல்லை. கோளாறுக்கு இப்படி ஒரு பிடிவாதம் இருக்காது. எந்தக் கேள்வியானாலும், நாலு விடைகளில் 'வேலையை நிறுத்தவும்' என்று ஒன்று இருந்தால் அதைத்தான் அழுத்தியிருக்கிறது. தேர்வைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய எப்போதும் தவறு. ஆராய வேண்டும், பதிவு செய்ய வேண்டும், பேச வேண்டும். யாரும் சட்டென்று நிறுத்துவதில்லை.

கும்பகோணம் போக வேண்டிய வாரம். போகவில்லை. கதிரிடம் பாடம் பாக்கி என்று சொன்னேன். அறையில் தனியாக உட்கார்ந்து "வெல்கம் பேக், இசக்கி"யைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டவெளிச்சமான மத்தியானம். இருந்தும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் பாஸ்வேர்டை மாற்றினேன். பதினொரு மணி வாக்கில் அந்த ஒற்றை ரிங் எண்ணிலிருந்து அழைப்பு. இந்த முறை நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"அம்மா, பாஸ்வேர்டு மாத்திட்டீங்களோ?" என்றது ஒரு வயதான குரல்.

யார் என்று கேட்டேன்.

"நான் இசக்கிராஜ் அப்பா. வள்ளிநாயகம். அம்பாசமுத்திரத்துல இருந்து பேசுதேன். பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். அவன் துணிமணியோட ஒரு டேப் வந்துச்சும்மா. நாலு நாளைக்கு முன்ன தெறந்தா அந்தப் பரீச்ச தானா வந்துச்சு. தெனமும் காலைல கொஞ்சம் போடுவேன். இன்னைக்கு உள்ள விடமாட்டேங்கு."

"இந்த நம்பருக்கு ரிங் குடுக்கறதும் நீங்கதானா?"

"ஆமாம்மா. அவன் நம்பரு வேல செய்யுதான்னு பாப்பேன். ஒரு ரிங் போனா போதும், வச்சிருவேன். நீங்க திருப்பிக் கூப்பிட்டப்ப எடுக்கத் தைரியம் வரல. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"உங்களுக்கு எதுக்குப்பா இந்தப் பரீட்சை?"

பின்னால் ஒரு பெண் குரல் யாரது என்று கேட்டது.

"ஒங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு துட்டி விசாரிக்கப் போன் பண்ணுச்சு. ஒங்க பையனுக்கு வேலையத் திட்டம் போட்டுச் செய்யத் தெரியல, எல்லாத்தையும் தலைமேல இழுத்துப் போட்டுக்கிட்டாரு, இந்தப் பரீச்சையிலயும் ரெண்டு தடவ பெயிலுன்னு சொல்லிச்சு. அவன் எங்க தப்பு பண்ணினான்னு எனக்குத் தெரியணும்மா. அந்தக் கேள்வி இதுக்குள்ள எங்கியாவது இருக்கும்லா?"

புது பாஸ்வேர்டைச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக. அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார்.

ஜூன் 26, வியாழன்

கணக்கில் இப்போது இரண்டு பேர். அவர் தவறுகளால் என் சராசரி சரிந்துகொண்டே வருகிறது. வேறு கணக்குக் கேட்டு மெயில் எழுதினேன். அனுப்பவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கூரை வேலை, தரை வேலை, கிளையண்ட் அறிக்கை எல்லாம் என் தலையில். இன்னொரு இன்ஜினியர் வேண்டும் என்று மீட்டிங்கில் கேட்டேன். வரதன் சார் கோபப்படவில்லை, சிரித்தார்.

"இசக்கி மூணு வேலையையும் ஒத்தை ஆளா பாத்தாரு மங்கை. நீங்க அவரவிட அனுபவசாலி."

மேசையைச் சுற்றி இருந்த யாரும் தலை நிமிரவில்லை. நான் நோட்டில் 'சரி' என்று எழுதிக்கொண்டேன்.

நெஞ்செரிச்சல். கேண்டீன் எண்ணெய். மாத்திரை போட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

வள்ளிநாயகம் அப்பா கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவார். கேள்விகள் ஆங்கிலத்தில் இருப்பதால் போனில் மொழிபெயர்த்துப் படிக்கிறார்.

"ஏம்மா, ஸ்டேக்ஹோல்டர்னு அடிக்கடி வருதே, அது யாரு? தமிழ்ல போட்டா கம்பப் பிடிச்சிக்கிட்டு நிக்கவன்னு வருது."

வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"அப்படி இல்லப்பா. ஒரு வேலையால யாருக்கெல்லாம் நல்லதோ கெட்டதோ வந்து சேருமோ, அவங்க எல்லாருமே. ஆரம்பத்துலயே யார் யாருன்னு எழுதி வச்சுக்கணும். அவங்ககிட்ட அப்பப்ப பேசணும்."

"அப்ப நானும் அதுல உண்டும்லா?"

உண்டுப்பா என்றேன்.

"எங்ககிட்ட யாரும் பேசலயேம்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. படித்த பாடத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

ஜூலை 11, வெள்ளி

மேல் தளத்துக்கு ஏறும்போது நடுவில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. வெயில். கதிர் போனில், "என்ன மூச்சு வாங்குது?" என்றார். இப்போதுதான் ஏறி வந்தேன் என்றேன். அறையில் உட்கார்ந்துகொண்டுதான் பேசினேன்.

ஜூலை 15, செவ்வாய்

முழு மாதிரித் தேர்வு. அறுபத்தொன்பது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் போதும்.

ஒரு கேள்வி: குழுவில் ஒருவருடைய வேலைத் தரம் குறைந்துகொண்டே வருகிறது, அவர் பிரச்சினை எதுவும் இல்லை என்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்? வெகுநேரம் எந்த விடையையும் அழுத்தாமல் இருந்தேன். நேரம் முடிந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

கிளையண்ட் வரும் நாள் என்று மதியம் சாப்பாட்டுக்குக்கூட யாரும் உட்காரவில்லை. எல்லாம் முடிந்தபின் ஏழுமலை தன் டப்பாவிலிருந்து எனக்குக் கொஞ்சம் தயிர்சாதம் வைத்தான். அப்போது கேட்டேன், இசக்கிராஜ் எப்படிப்பட்டவர், திட்டமிடத் தெரியாதவரா?

"யாரு மேடம் சொன்னது?" என்று நிமிர்ந்தான். "ஆளு வேணும், ஆளு வேணும்னு மூணு தபா கேட்டாரு. நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். கடைசி தபா, ஆள் குடுக்கலன்னா ஒரு வாரம் ஸ்லாப் வேலைய நிறுத்திடலாம் சார்னாரு. வரதன் சார் இன்னா சொன்னாரு தெரியுமா? நிறுத்தறதுன்னா நீ வீட்ல நிறுத்திக்கன்னாரு."

மேடம், நீங்க சாப்பிடலயே என்றான். டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

வள்ளிநாயகம் அப்பா கூப்பிடும் வரை காத்திருக்கவில்லை. நானே கூப்பிட்டேன். ஏழுமலை சொன்னதை அப்படியே சொன்னேன். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

"அவர் தப்புப் பண்ணலப்பா. ஆள் கேட்டிருக்காரு. குடுக்கல. நிறுத்தலாம்னு சொல்லியிருக்காரு. விடல. இந்தப் புத்தகத்துல என்னென்ன சொல்லியிருக்கோ அத்தனையும் செஞ்சிருக்காரு."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப வேற யாருக்கோதாம்மா இந்தப் பரீச்ச வச்சிருக்கணும்" என்றார்.

அடுத்து, பக்கத்தில் இருந்த மனைவியிடம்: "ஏட்டி சொர்ணம், பய கேட்டிருக்கான்டி." போன் கட்டாகிவிட்டது.

ஜூலை 24, வியாழன்

நாலு நாளாகக் காலையில் புதிதாக ஒரு விடையும் இல்லை. என் மதிப்பெண் ஏறுகிறது. எழுந்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கிறேன். நான் விட்ட இடத்திலேயே நிற்கிறது.

ரிங்கும் வருவதில்லை.

ஜூலை 29, செவ்வாய்

பல் வலிபோல் தாடையில் ஒரு வலி. பரீட்சை முடிந்து பல் டாக்டரைப் பார்க்கலாம். கதிர் இந்த வாரம் வருகிறேன் என்றார். வேண்டாம், படிக்க முடியாது என்றேன். அவர் கோபத்தில் வைத்துவிட்டார். படிக்கவும் முடியவில்லை.

ஜூலை 30, புதன்

மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. அவரைக் காணோமே என்றுதான்.

"நல்லாருக்கேம்மா. அதத் தொடவே தோணல. நீ எப்பிடி இருக்க? குரலே ஒருமாதிரி இருக்கே."

"ஒண்ணுமில்லப்பா. லேப்டாப் பையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போச்சு. பரீட்சைக்குள்ள கை கழண்டு விழுந்துடும் போல." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"எந்தத் தோளு?"

"இடது."

"பைய எந்தத் தோள்ல போடுவ?"

யோசித்தேன். வலது தோளில்தான் போடுவேன். எப்போதும் வலதுதான். சொல்லவில்லை. கிளையண்ட் காத்திருக்கிறார், அப்புறம் பேசுகிறேன் என்று வைக்கப் போனேன்.

"வைக்காத. வைக்காதம்மா. அவன் அன்னைக்குச் சாயந்திரம் போன் பண்ணினான். தோளு வலிக்குப்பான்னான். நான் தைலம் தேய்ச்சுக்கோலேன்னு சொன்னேன். தைலம் தேய்ச்சுக்கோலேன்னு."

வைத்துவிட்டேன். உண்மையிலேயே கிளையண்ட் காத்திருந்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

அன்றைக்குப் போனை வைத்துக் கால் மணிகூட ஆகியிருக்காது. கிளையண்டுக்கு வரைபடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஏழுமலை கதவைத் திறந்து உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான்.

"அம்பாசமுத்திரம் பெரியவர் போன் பண்ணாரு மேடம். வண்டி வெளிய நிக்குது. ஏறுங்க."

"மீட்டிங் முடியட்டும் ஏழுமலை."

"மீட்டிங்லாம் அப்பறம்."

வரதன் சார், "என்னப்பா இது, வெளிய இரு" என்றார். ஏழுமலை அவர் பக்கம் திரும்பவேயில்லை. என் லேப்டாப்பை மூடினான். சத்தமில்லாமல்தான் மூடினான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து திட்டப் போனேன். எழ முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வண்டியில் போகும்போது அவன் பேசிக்கொண்டே வந்தான், நான் கண்ணை மூடக் கூடாது என்பதற்காக.

"அன்னிக்கு சார் கார்ல சாஞ்சிகினு இருந்தாரு மேடம். கண்ணாடி வழியாப் பாத்தேன். பாவம், அசந்து தூங்கறாரு, கொஞ்சம் தூங்கட்டும்னு போயிட்டேன். ஒரு தட்டு தட்டிருக்கலாம். நீங்க கண்ண மூடாதீங்க மேடம். இன்னா, என்னைத் திட்ட வந்தீங்களே, திட்டுங்க."

டாக்டர் என் வயதை இரண்டு முறை கேட்டார். இரண்டு அடைப்பு. ஒன்றில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. இன்னொன்றுக்கு மருந்து.

கதிர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மருந்துக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் இந்த மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பவர், ஒவ்வோர் அட்டையையும் திருப்பித் திருப்பிப் படிக்கிறார். "எத்தன நாளா இருந்துச்சு?" என்று ஒரு முறைதான் கேட்டார். இரண்டு நாள் என்றேன். தலையாட்டினார். அவர் நம்பவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

இன்றுதான் பரீட்சை நாள். கும்பகோணத்தில், மாடி அறையில் படுத்திருந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலையை விட்டுவிட்டேன். பொறுப்புகளை ஒப்படைக்க யாரை நியமிக்கலாம் என்று கேட்டு வரதன் சார் மெயில் அனுப்பியிருந்தார். ஒருவர் போதாது, மூன்று பேர் என்று பதில் எழுதினேன். முன்னால் இருந்தவர் கேட்டதும் இதுதான் என்று சேர்த்தேன். ஹெச்.ஆரையும் கிளையண்டையும் நகலில் போட்டேன். கதிர் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "அனுப்பு" என்றார்.

வள்ளிநாயகம் அப்பா தினமும் காலையில் கூப்பிடுகிறார். மாத்திரை போட்டாயா என்று கேட்பார். போட்டேன் என்பேன். வைத்துவிடுவார். தன் மகனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

பரீட்சைக்குக் கட்டிய பணம் என்னுடையது. மருத்துவச் சான்று காட்டினால் வேறு தேதி கிடைக்கும் என்று தெரிந்தது. கதிரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. வேலைக்காக இல்லை, வெறுமனே எழுதிப் பார்க்கத்தான் என்றேன். ஒரு நாளைக்குப் பத்துக் கேள்விக்கு மேல் கூடாது என்று ஒப்பந்தம். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். இருமல் மருந்து கேட்டு வருபவர்கள் திரையை எட்டிப் பார்க்கிறார்கள்.

இப்போது நானே பணம் கட்டிய புதுக் கணக்கு, என் பெயரில். "வெல்கம் பேக், மங்கை" என்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலியில் உட்காருவது போலவே இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

சில கேள்விகளில் விரல் தானாகவே 'வேலையை நிறுத்தவும்' பக்கம் போகிறது. தவறு என்று தெரியும். தெரிந்தே இரண்டு முறை அழுத்தினேன்.

நவம்பர் 15, சனி

திருச்சியில் தேர்வு. கதிர் வெளியே டீக்கடையில் காத்திருந்தார். உள்ளே குளிர். நடுவில் இடைவேளை விட்டபோது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டேன், யாருக்கும் தெரியாமல்.

பாஸ். திரையில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. வெளியே வந்து கதிரிடம் சொன்னேன். அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம்தான் சிரித்தார்.

அங்கேயே நின்று அம்பாசமுத்திரத்துக்குப் போன் செய்தேன். சொர்ணம் அம்மா எடுத்தார்.

"பாஸாம்மா? நல்லாரு. அவிய தூங்குதாவ. மத்தியானம் சாப்புட்டுட்டுச் சாஞ்சவிய. மார்ச்சு மாசத்துக்குப் பெறகு இன்னைக்குத்தான் இப்பிடிக் கண்ணசந்திருக்காவ. நல்ல ஒறக்கம். எந்திச்சதும் சொல்லுதேன், என்ன?"

"எழுப்புங்கம்மா."

"எழுப்பணுமா? பாவம்லா..."

"பரவால்லம்மா. எழுப்பிடுங்க. நான் லைன்ல இருக்கேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம். செருப்பில்லாத காலடி. ஒரு கதவு. "ஏங்க" என்று ஒரு குரல். மறுபடியும், கொஞ்சம் உரக்க, "ஏங்க."

கதிர் டீயை நீட்டினார். நான் வாங்கவில்லை. ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கட்டில் கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"யாரும்மா, மங்கையா? மாத்திர போட்டியா?"